குழந்தையும் நாய்க்குட்டியும்: முதல் வாசிப்புப் புத்தகங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படக்கதைப் புத்தகமும் முதல் வாசிப்புப் புத்தகமும் ஒன்றுதானே?

பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், வேலை வேறு. படக்கதைப் புத்தகம் பெரியவர் வாசிக்க, குழந்தை கேட்க. வாசிப்பவர் நீங்கள் என்பதால் அதில் ‘திகைத்துப்போனது’ வரலாம், ‘இருள் கவிந்தது’ வரலாம், ஒரு குறையும் இல்லை. முதல் வாசிப்புப் புத்தகத்தைக் கையில் பிடித்திருப்பது குழந்தை. எழுத்துக்கூட்டத் தெரியும், சரளம் இன்னும் வரவில்லை என்ற கட்டத்துக்கானது அது. பொதுவாக 5 முதல் 8 வயது. எழுத்து பெரிதாக, வரி குட்டையாக, இடைவெளி தாராளமாக இருக்கும். பக்கத்துக்கு இரண்டு மூன்று வரியில் தொடங்கி, கொஞ்சம் தேறிய பிள்ளைகளுக்கு ஏழெட்டு வரி, குட்டிக்குட்டி அத்தியாயங்கள் என்று போகும். பெரும்பாலும் 32 முதல் 64 பக்கம். அத்தியாயம் பிரித்திருப்பதே அந்த வயதில் பெரிய கௌரவம். “ரெண்டாவது அத்தியாயம் முடிச்சிட்டேன்” என்று வீடெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்கள்.

இந்த வகைப் புத்தகங்களில் எங்கே பார்த்தாலும் நாய்தான். பூனை, ஆடு, கிளியெல்லாம் என்ன பாவம் செய்தன?

அவையும் இருக்கின்றன. ஆனால் நாயிடம் எழுத்தாளருக்குச் சில சௌகரியங்கள் உண்டு.

நாய் பேசாது, சும்மாவும் இருக்காது. ஓடியது, தாவியது, தோண்டியது, முகர்ந்தது, கவ்வியது என்று அது செய்வதெல்லாம் படமாக வரையக்கூடிய காரியங்கள். ‘பொறாமைப்பட்டது’ என்பதை வரைய ஓவியர் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். ‘செருப்பைக் கவ்வியது’ என்றால் வேலை முடிந்தது. சொல் தடுக்கினால் படம் கைகொடுக்கும்.

அடுத்தது, பெரியவர் யாரும் வராமலே கதையை நகர்த்தலாம். நாய் காணாமல் போகும், தேடலாம். நாய் சேற்றில் புரளும், குளிப்பாட்டலாம்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. இந்தக் கதைகளில் குழந்தைதான் பெரிய ஆள். வீட்டிலும் பள்ளியிலும் ஆளாளுக்கு அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவன் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டாமா? ‘உட்கார்’ என்றால் நிற்கிற, ‘நில்’ என்றால் ஓடுகிற நாய்க்குட்டி, ஒரு வரியைப் படித்து முடிக்கத் திணறும் பிள்ளைக்கு நல்ல துணை. தடுமாறுவது தான் மட்டும் இல்லை என்று புரிந்துவிடுகிறது.

இந்த வகை எப்போது தொடங்கியது?

ஆங்கிலத்தில் 1930களின் ‘டிக் அண்ட் ஜேன்’ பாடநூல்களிலேயே ஸ்பாட் என்ற நாய் உண்டு. (அதற்கு முன் அதே பெயரில் பூனையாக இருந்தது. எப்படியோ பதவி உயர்வு.) ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி மனத்தில் பதியவைப்பதுதான் அந்தப் பாடநூல்களின் வழி, கதை என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. 1954இல் ஜான் ஹெர்சி என்ற எழுத்தாளர் ‘லைஃப்’ இதழில் அவற்றைக் கடுமையாக விமர்சித்தார். 1957இல் டாக்டர் சூஸின் ‘தி கேட் இன் தி ஹாட்’ வந்தது. முழுப் புத்தகத்திலும் வெவ்வேறு சொற்கள் 236 மட்டுமே, ஆனாலும் சிரிக்கச் சிரிக்க ஒரு கதை. அதே ஆண்டு ஹார்ப்பர் பதிப்பகத்தின் ‘ஐ கேன் ரீட்’ வரிசையும் தொடங்கியது. 1996இல் ‘பிஸ்கட்’ என்ற மஞ்சள் நாய்க்குட்டி அந்த வரிசையில்தான் வந்து சேர்ந்தது.

குழந்தையும் நாயும் என்றால் பலரும் முதலில் சொல்வது சிந்தியா ரைலண்டின் ‘ஹென்றி அண்ட் மட்ஜ்’. 1987இல் தொடங்கி 28 புத்தகங்கள். அண்ணன் தம்பி இல்லாத, தெருவில் கூட்டாளியும் இல்லாத ஒரு பையன். 180 பவுண்டு, அதாவது 80 கிலோவுக்கும் மேல் வளர்ந்துவிடும் ஒரு நாய். முதல் வாசிப்புப் புத்தகங்களுக்கென்றே ஏற்படுத்திய கெய்சல் விருது 2006இல் முதல்முறை கொடுக்கப்பட்டபோது, இந்த வரிசைப் புத்தகம் ஒன்றுக்குத்தான் போனது.

ஒரு புத்தகம் நல்லதா இல்லையா என்று புரட்டிப் பார்த்தே சொல்ல முடியுமா?

முடியும். அட்டையை விட்டுவிட்டு நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, குழந்தையின் வேகத்தில் வாய்விட்டு வாசியுங்கள். இப்படி ஒரு வாக்கியம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

‘சோம்பல் முறித்தபடி எழுந்த மணி, வாசலில் கேட்ட காலடியோசையால் உற்சாகமடைந்து துள்ளிக்குதித்து ஓடியது.’

நமக்கு இது சாதாரண வாக்கியம். எழுத்துக்கூட்டும் பிள்ளை ‘ஓடியது’ வரைக்கும் வந்து சேர்வதற்குள், ஓடியது யார் என்பதே மறந்துபோயிருக்கும். தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால் அதுவரை எல்லாவற்றையும் தலையில் சுமந்துகொண்டே வர வேண்டும். இதையே இப்படிப் போட்டால்:

மணி எழுந்தது.
காதை நிமிர்த்தியது.
யாரோ வருகிறார்கள்!
மணி ஓடியது.

நான்கு வரி, நான்கு முறை மூச்சு விட இடம். வருவது யார் என்று எழுத்து சொல்லவில்லை. கதவுக்கு அடியில் ஒரு நிழலை மட்டும் ஓவியர் போட்டிருந்தால், பக்கத்தைத் திருப்பாமல் எந்தப் பிள்ளையும் இருக்காது.

சொல்லின் நீளத்தையும் பாருங்கள். ‘ஓடியது’ நான்கு எழுத்து. ‘ஓடிக்கொண்டிருந்தது’ பத்து எழுத்து. கதைக்கு இரண்டும் ஒன்றுதான், குழந்தைக்கு இல்லை. பல தமிழ்ப் புத்தகங்கள் சறுக்குவது இங்கேதான். சொற்கள் எல்லாம் எளிமைதான். ஆனால் ‘கொண்டிருந்தது’, ‘விட்டிருந்தது’ என்று வால் நீண்டுகொண்டே போகும்.

அப்புறம் வரி முறியும் இடம். ‘கட்டிலுக்கு அடியில்’ என்று ஒரு வரி, ‘ஒளிந்துகொண்டது’ என்று அடுத்த வரி வந்தால் நல்லது. இடம் பற்றவில்லை என்று ‘ஒளிந்துகொ’ வரை அச்சடித்து, மிச்சத்தைக் கீழே தள்ளியிருந்தால், அந்தப் புத்தகத்தை அச்சுக்கு அனுப்பும் முன் யாரும் குழந்தையிடம் கொடுத்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

கடைசியாக, படம் எழுத்தை அப்படியே திருப்பிச் சொல்கிறதா என்று பாருங்கள். ‘மணிக்குக் குளிக்கப் பிடிக்கும்’ என்று எழுத்து சொல்ல, படத்தில் மணி மேசைக்கடியில் பதுங்கியிருந்தால் குழந்தை சிரிக்கும். அது சிரித்தால், படித்தது புரிந்திருக்கிறது.

அட்டையில் ‘நிலை 1’, ‘நிலை 2’ என்று போட்டிருக்கிறார்களே, நம்பலாமா?

ஒரே பதிப்பகத்துக்குள் நம்பலாம். இரண்டு பதிப்பகங்களின் ‘நிலை 2’ ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் இணைய நூலகத்தில் நிலை 1 என்றால் 250 சொற்களுக்குள், நிலை 2 என்றால் 250 முதல் 600, நிலை 3 என்றால் 600 முதல் 1500, அதற்கு மேல் நிலை 4. தமிழ்க் கதைகளும் இலவசமாகக் கிடைப்பதால் காசு கொடுத்து வாங்கும் முன் குழந்தையின் நிலையை அங்கே தெரிந்துகொள்ளலாம். சொற்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். தமிழ் ஒட்டிக்கொண்டே போகும் மொழி, எண்ணிக்கை குறைவாக இருந்தும் கதை கடினமாக இருக்கலாம்.

ஐந்து விரல் முறை என்கிறார்களே?

ஒரு பக்கத்தை வாசிக்கும்போது தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கச் சொல்வது. ஐந்தும் மடங்கினால் அந்தப் புத்தகத்துக்கு இன்னும் நேரம் வரவில்லை. நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். நான்கு வரிப் பக்கத்துக்கு இரண்டு விரல் மடங்கினாலே அதிகம்.

247 எழுத்தும் தெரிந்த பிறகுதான் புத்தகம் கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று முழுதும் முடியும்வரை காத்திருந்தால் ஆசை போய்விடும். அதில் பல எழுத்துகள் குழந்தைக் கதையில் தலைகாட்டவே செய்யாது. ‘ஙௌ’ வரும் நாய்க்கதை ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

புள்ளி வைத்த மெய், கால், கொம்பு, சுழி பிடிபட்டால் போதும், தொடங்கலாம். திணறும் இடம் எது என்று கவனித்தால், பெரும்பாலும் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும்தான். ‘தேடு’ என்பதில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. ‘கொ’வில் இரண்டு பக்கமும் காவல். இந்த எழுத்துகள் குறைவாக வரும் கதையை முதலில் எடுங்கள். நாய்க்கு ‘மணி’, ‘புலி’ என்று பெயர் வைத்த கதை, ‘ஸ்கூபர்’ என்று வைத்ததைவிட எவ்வளவோ மேல். அந்தப் பெயர்தான் பக்கத்துக்குப் பக்கம் வரப்போகிறது.

பேச்சுத்தமிழில் எழுதியதை வாங்கவா, எழுத்துத்தமிழில் எழுதியதையா?

இதில் ஆளுக்கொரு கட்சி. என் கட்சி: கதை சொல்லும் வரிகள் எளிய எழுத்துத்தமிழில், பேசும் வரிகள் பேசுகிற மாதிரி. “மணி, இங்க வாடா!” என்றுதான் எந்தக் குழந்தையும் நாயைக் கூப்பிடும். “மணியே, இங்கே வருவாயாக” என்று அச்சில் பார்த்தால் சிரிக்கும், அல்லது மூடி வைத்துவிடும். எல்லாமே பேச்சுத்தமிழ் என்றால் வேறு சிக்கல். ‘வந்துச்சு’, ‘வந்திச்சி’, ‘வந்தது’ என்று ஒவ்வொரு புத்தகத்திலும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருந்தால், சொல்லைப் பார்த்ததும் அடையாளம் காணும் பழக்கம் ஊன்றாது. தமிழ் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாத பிள்ளைகள் வெளிநாடுகளில் நிறைய. அவர்களுக்குப் பேச்சு வரிகள் அதிகமுள்ள புத்தகம் நல்ல நுழைவாசல்.

நாயை ‘அது’ என்று எழுதியிருந்தால் என் மகள் ‘அவன்’ என்று மாற்றி வாசிக்கிறாள். திருத்தலாமா?

திருத்தாதீர்கள், இலக்கணம் அவள் பக்கம். உவப்பினால், அதாவது பிரியத்தினால், திணை மாறிச் சொல்வதை நன்னூலே ‘இயல்பே’ என்று ஒப்புக்கொள்கிறது. மாட்டைப் பார்த்து “என் அம்மை வந்தாள்” என்று சொல்வதுதான் இதற்குப் பாடநூல்களில் வரும் உதாரணம். திணை வழுவமைதி என்று பெயர். மாட்டுக்கு உண்டு என்றால் மணிக்கும் உண்டு. அச்சில் உள்ளதை அப்படியே வாசிக்கப் பழக்குவதுதான் அப்போதைய நோக்கம் என்றால் மட்டும், “புத்தகத்தில் என்ன போட்டிருக்கு, பாரு” என்று ஒருமுறை விரல் வைத்துக் காட்டினால் போதும்.

எழுத்தைப் பார்க்காமல் படத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறான்.

‘பந்து’ என்று எழுதியிருக்க, படத்தில் உருண்டை சிவப்பாக இருப்பதைப் பார்த்து ‘ஆப்பிள்’ என்பான். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் வாசிப்பு இல்லை. திட்ட வேண்டாம். முதல் எழுத்தில் விரலை வைத்து “இது என்ன?” என்று மட்டும் கேளுங்கள். இன்னொரு வழி, படத்தை ஒரு தாளால் மூடி எழுத்தை முதலில் வாசித்துவிட்டு, “சரியா பார்க்கலாமா?” என்று தாளை எடுப்பது. விளையாட்டாகிவிடும். படம் இல்லாத புத்தகத்துக்குத் தாவுவது மட்டும் வேண்டாத வேலை.

ஒரே புத்தகத்தையே தினமும் எடுக்கிறாள்.

எடுக்கட்டும். மனப்பாடமாகிவிட்டது என்று கவலைப்படுவார்கள். மனப்பாடமான வரியின் மேல் கண் ஓடும்போதுதான் சொற்களின் முகம் பழகுகிறது, நிறுத்தி நிதானித்து ஏற்ற இறக்கத்தோடு வாசிக்கவும் வருகிறது. ‘லொள் லொள்’ வரும் இடத்தில் குரல் உயர்கிறதா என்று கேளுங்கள். ல, ள இரண்டும் அடுத்தடுத்து வரும் சொல் அது. நாக்கு பழகுவதற்கு அதைவிட மகிழ்ச்சியான பயிற்சி கிடையாது.

கதையில் குழந்தை நாயைக் கட்டிப்பிடிக்கிறது, நாய் மேல் ஏறி உட்காருகிறது. அதைப் பார்த்து இதுவும் செய்தால்?

செய்யும். அதனால்தான் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கதை நாய்கள் எதையும் பொறுத்துக்கொள்ளும். உண்மையான நாய்கள் பலவற்றுக்குக் கழுத்தை இறுக்கிக் கட்டிப்பிடிப்பது பிடிக்காது. தின்னும்போது கிட்டே போவது, தூங்கும்போது உலுக்கி எழுப்புவது, குட்டிகளோடு இருக்கும் தாயை நெருங்குவது, முகத்தோடு முகம் வைப்பது, முதுகில் ஏறுவது எல்லாம் ஆபத்து.

அதற்காகப் புத்தகத்தைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. அந்தப் பக்கத்திலேயே நிறுத்தி, “மணி முகத்தைப் பாரு, அதுக்குப் பிடிச்சிருக்கா?” என்று கேளுங்கள். நல்ல ஓவியர் வரைந்த படம் என்றால் விடை அதிலேயே இருக்கும்: முகத்தைத் திருப்பிக்கொள்வது, உதட்டை நக்குவது, தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடுவது, ஓரக்கண்ணில் வெள்ளை தெரிவது. ‘என்னை விட்டுவிடு’ என்பதை நாய் இப்படித்தான் சொல்லும். வாலை ஆட்டினாலே மகிழ்ச்சி என்று நினைப்பதும் தவறு. உடம்பு விறைத்து, வால் மட்டும் மேலே நின்று ஆடினால் விலகிவிட வேண்டும். தெரியாத நாய் என்றால் முதலில் வளர்ப்பவரைக் கேட்க வேண்டும், பிறகு நாய் தானாக வந்து முகர்ந்து பார்க்க விட வேண்டும்.

இன்னொன்று, கதைக் குழந்தைகள் கையில் இருப்பதையெல்லாம் நாய்க்குக் கொடுத்துவிடும். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம் ஆகியவை நாய்க்கு நஞ்சு. இதையும் போகிறபோக்கில் சொல்லிவையுங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ உடனே பெரியவரிடம் சொல்ல வேண்டும், மறைக்கக்கூடாது என்பதையும்தான். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

(சிவப்புப் பந்தைப் பச்சைப் புல்லில் போட்டு நாய் ஓடிப்போய் எடுப்பதாகப் படம் போடாத புத்தகமே இல்லை. நாயின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும்தான் நன்றாகப் பிரிந்து தெரியும். சிவப்பும் பச்சையும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே. நீலப் பந்தாகப் போட்டிருக்கலாம்.)

என் மகனுக்கு நாய் என்றாலே பயம். இந்தப் புத்தகம் கொடுக்கலாமா?

அவன் எடுத்தால் கொடுங்கள். புத்தக நாயை மூடிவிடலாம் என்பது அவனுக்குப் பெரிய ஆறுதல். பெரிய நாய், பற்கள் தெரியும் அட்டை வேண்டாம், குட்டியில் தொடங்கலாம். ‘பார்த்தாயா, நாய் எவ்வளவு நல்லது’ என்று வழக்காடாதீர்கள்.

நாய் இறந்துபோகும் கதைகள்?

முதல் வாசிப்பு நிலையில் அரிது. இருந்தால், குழந்தை தனியாகப் படிக்க அல்ல, சேர்ந்து படிக்க. வீட்டு நாய் இறந்த சமயத்தில் குழந்தையே அந்தக் கதையைக் கேட்டால் மறுக்காதீர்கள், நீங்களாகக் கொண்டுபோய் நீட்டவும் நீட்டாதீர்கள். ‘தூங்கிவிட்டது’ என்று சுற்றி வளைக்கும் புத்தகங்களைத் தவிர்க்கலாம்; அப்புறம் குழந்தை தூங்கப் பயப்படும்.

கதை முடிவில் நீதி ஒன்றுமே இல்லையே?

நல்லது.

நாய்க்கு வாசித்துக் காட்டினால் வாசிப்பு வளரும் என்பது உண்மையா?

இதற்கென்றே திட்டங்கள் நடக்கின்றன. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 1999இல் தொடங்கிய ‘ரீட்’ திட்டம் பெயர் பெற்றது. பயிற்சி பெற்ற நாய் பக்கத்தில் படுத்திருக்க, குழந்தை அதற்கு வாசித்துக் காட்டும். நாய் குறுக்கே பேசாது, பிழை திருத்தாது, “வேகமா படி” என்று சொல்லாது. கூச்சப்படும் பிள்ளைகள் வாயைத் திறக்க இது உதவுகிறது. எழுத்தை அதுவே கற்றுக்கொடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. வீட்டில் நாய் இல்லையென்றால் பொம்மை நாய் போதும். அதுவும் நன்றாகவே கேட்கும்.

படித்துவிட்டு நாய் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள்.

கதை நாய் 40 பக்கம். வீட்டு நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டு, சில சமயம் அதற்கும் மேல். தினமும் நடத்திக் கூட்டிப்போவது, தடுப்பூசி, ஊருக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஆள் என்று எல்லாம் கடைசியில் உங்கள் தலையில்தான் விழும். முடியும் என்றால் வளர்க்கலாம். முடியாது என்றால் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று இழுத்தடிக்காமல் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். தெரிந்தவர் வீட்டு நாயைப் போய்ப் பார்த்து வருவது நடுவழி.

வீட்டிலேயே இப்படி ஒரு புத்தகம் செய்ய முடியுமா?

ஒரு முழுத் தாளை மும்முறை பாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம் விழும். நீளவாக்கில் ஓடும் நடுக்கோட்டை, நடுவில் உள்ள இரண்டு கட்டங்களின் நீளத்துக்கு மட்டும் வெட்டி, நீளவாக்கில் மடித்துக் குவித்தால் முன்னட்டை, பின்னட்டை, உள்ளே ஆறு பக்கம். தைக்கவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம்.

ஆறு பக்கத்துக்கு ஒரே கேள்வி போதும்: மணி எங்கே? கதவுக்குப் பின்னால் இல்லை, கட்டிலுக்கு அடியில் இல்லை என்று பக்கத்துக்கு ஓர் இடம். ‘இல்லை’ என்ற சொல் ஒவ்வொரு பக்கத்திலும் வருவதால் மூன்றாம் பக்கத்திலிருந்து குழந்தை அதை எழுத்துக்கூட்டாமலே சொல்லிவிடும். இடத்தின் பெயருக்கு மட்டும் மெனக்கெட்டால் போதும். படத்தைக் குழந்தையே வரையட்டும். எழுத்தை நீங்கள் எழுதுங்கள், அழகாக எழுதுவதைவிடப் பெரிதாக எழுதுவது முக்கியம். ஆறாம் பக்கத்தில் மணி எங்கே இருந்தது என்பதை அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். பெரும்பாலும் நீங்கள் நினைத்த இடமாக இருக்காது.